கோடை விடுமுறையில் பேஸ்பால்: பள்ளி அணிக்கு ஆசைப்படும் பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பள்ளிகளில் பேஸ்பால் வசந்த காலத்து ஆட்டம். பெரும்பாலான மாநிலங்களில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ட்ரைஅவுட் என்ற அணித் தேர்வு நடக்கும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ சீசன் முடிந்துவிடும். அயோவா மட்டும் விதிவிலக்கு, அங்கே உயர்நிலைப் பள்ளிகள் கோடையில்தான் ஆடுகின்றன. மற்ற இடங்களில் அடுத்த ட்ரைஅவுட்டுக்கு எட்டு, ஒன்பது மாதம் இருக்கிறது. ஆனால் வீட்டுப்பாடமும் பரீட்சையும் குறுக்கே வராத நாட்கள் என்றால் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை உள்ள சுமார் பத்து வாரம்தான்.

அந்தப் பத்து வாரத்தை எப்படிச் செலவிடுவது என்பதை, இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். பையன் ஒன்பதாம் வகுப்பு டீமில் ஒரு சீசன் ஆடியிருக்கிறான், அல்லது ட்ரைஅவுட்டில் தேர்வாகவில்லை. அப்படி ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பெண் பிள்ளை பேஸ்பால் ஆடினாலும் எல்லாம் இதேதான். சாஃப்ட்பால் என்றால் பந்தைக் கீழ்க்கையால் வீசுவதால், பந்துவீச்சுப் பகுதியையும் 90 அடி, பேட் முத்திரை பற்றிய வரிகளையும் விட்டுவிட்டுப் படிக்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையில் மேட்ச் குறைவாகவும் பயிற்சி அதிகமாகவும் இருக்க வேண்டும். வார இறுதி டூர்னமெண்ட் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் காரோட்டிப் போய், இரண்டு நாளில் நாலு மேட்ச் ஆடினாலும், ஒரு பையனுக்குப் பேட் பிடிக்க பத்து, பன்னிரண்டு வாய்ப்புதான் கிடைக்கும். மைதானத்தின் வலது கோடியான ரைட் ஃபீல்டில் நின்றால் அவன் பக்கம் வருவது இரண்டோ மூன்றோ பந்து. ஆடிப் பழக மேட்ச் வேண்டும்தான். ஆனால் கைவராத ஒன்றை மேட்சில் கற்றுக்கொள்ள முடியாது.

சீசன் முடிந்த வாரமே கோச்சிடம் கேளுங்கள்

கேட்க வேண்டியது பையன், நீங்கள் இல்லை. பெற்றோர் போய்க் கேட்டால் அது இடம் கேட்பது போலத் தோன்றும், கோச்சும் பட்டும் படாமல் பதில் சொல்வார். பையன் நேராகப் போய், “கோச், அடுத்த வருஷம் இந்த டீமில் ஆடணும்னா நான் முதலில் எதைச் சரிசெய்யணும்?” என்று கேட்டால் பெரும்பாலான கோச்சுகள் மனம் திறந்து சொல்வார்கள். எறிதலில் பலம் போதவில்லை, வெளிப்பக்கம் வரும் பந்தைத் தொட முடியவில்லை, தரையில் வரும் பந்துக்குக் கால் நகரவில்லை என்று ஏதோ ஒன்று வரும். அதை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து வாரத்தில் ஒரு குறையைச் சரிசெய்யலாம், இரண்டாவதைக் கொஞ்சம் தொடலாம். ஐந்தை எடுத்தால் ஒன்றும் நடக்காது.

கேட்ட கையோடு நாலு அளவும் எடுத்து வைத்துவிடுங்கள். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ்வரை 90 அடி ஓட எத்தனை விநாடி, 60 கஜம் ஓட எத்தனை விநாடி, நிற்காமல் எத்தனை புஷ்அப், டீ என்ற தண்டில் வைத்து அடிக்கும் இருபது பந்தில் எத்தனை நேராகச் சீறிப் போகிறது. செல்போன் போதும், ரேடார் கருவி தேவையில்லை. அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான மேஜர் லீகில் வலதுகை ஆட்டக்காரர் முதல் பேஸுக்குச் சுமார் 4.3 விநாடியில் ஓடுவது சராசரி என்று கணக்கு வைப்பார்கள். உங்கள் பையன் ஐந்துக்கு மேல் எடுத்தால் கவலைப்பட வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் இதே அளவை மறுபடி எடுக்கப் போகிறோம், ஒப்பிட வேண்டியது அதனுடன்தான்.

ஊருக்குப் போகிறீர்களா? அதை முதலில் தீர்மானியுங்கள்

நம் குடும்பங்களில் கோடைத் திட்டம் குழம்புவது இங்கேதான். ஜூனில் கிளம்பி நாலு, ஐந்து வாரம் சென்னையிலோ மதுரையிலோ இருந்துவிட்டு வருவோம். கோடைக்கால டீம்களின் சீசனும் அதே நேரத்தில்தான் நடக்கும். ஊர் ஊராகப் போய் டூர்னமெண்ட் ஆடும் டிராவல் டீம்களில் முன்பணம் கட்டினால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ஆகவே டிக்கெட் தேதியைக் கோச்சிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகே பணம் கட்டுங்கள்.

டிராவல் டீம்தான் ஒரே வழி என்றும் நினைக்க வேண்டாம். முன்னாள் படைவீரர்களின் அமெரிக்கன் லீஜன் அமைப்பு 1925இல் தெற்கு டகோட்டாவின் மில்பேங்க் ஊரில் தொடங்கிய பேஸ்பால் திட்டம் இன்றும் பல ஊர்களில் கோடையில் நடக்கிறது. 13 முதல் 19 வயதுவரை ஆடலாம். ஊர்ப் பூங்காத் துறை நடத்தும் லீகுகளும் உண்டு. செலவும் குறைவு, பயணமும் குறைவு. முதல் இரண்டு கோடைக்குப் புதியவருக்கு அதுவே போதும் என்பேன். டீமைத் தேர்ந்தெடுக்கும்போது கோப்பைகளை எண்ணாதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, பையனுக்கு எந்த இடத்தில் ஆட வாய்ப்பு, இரண்டும் தெரிந்தால் போதும்.

ஊரில் இருக்கும் வாரங்கள் வீண் என்று பதற வேண்டாம். அடுத்துச் சொல்லப்போகும் ஓய்வுக்கு அதைவிட நல்ல நேரம் அமையாது.

கைக்கு ஓய்வு

சீசன் முடிந்ததும் இரண்டு, மூன்று வாரம் பந்து எறிய வேண்டாம். ஓடலாம், நீந்தலாம், கூடைப்பந்து ஆடலாம், தாத்தா வீட்டு மாடியில் பட்டம் விடலாம். தோள்பட்டையும் முழங்கையும் மட்டும் எறியும் வேலையிலிருந்து விடுபட வேண்டும்.

இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வளரும் வயதில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். திரும்பத் திரும்பப் பலமாக எறியும்போது முழங்கையின் உட்பக்கத்துத் தசைநார் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. லிட்டில் லீக் எல்போ என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வயது கூடி எலும்பு கெட்டியானதும் அந்தச் சுமை தசைநாருக்கே போகிறது. அது கிழிந்தால் செய்யும் அறுவை சிகிச்சைக்கு டாமி ஜான் என்று பெயர். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதை முதலில் செய்தது அந்தப் பெயருடைய டாட்ஜர்ஸ் அணிப் பிட்சருக்குத்தான் (பிட்சர் என்றால் பந்து வீசுபவர்). மீண்டும் பிட்ச் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஒரு காலத்தில் பெரிய லீக் ஆட்டக்காரர்களுக்கான அந்தச் சிகிச்சை இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அறுவை சிகிச்சைவரை போன இளம் பிட்சர்களையும் காயமே படாதவர்களையும் ஒப்பிட்டு, அவர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் பிட்ச் செய்தவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு ஐந்து மடங்கு இருந்தது. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசிக்கொண்டிருந்தவர்களுக்கு 36 மடங்கு. எண்ணிப் பாருங்கள்: வசந்தத்தில் பள்ளி, கோடையில் டிராவல் டீம், செப்டம்பரில் ஃபால் பால் என்ற இலையுதிர்கால ஆட்டம், குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சி. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, ஆனாலும் எட்டு மாதம் சுலபமாகத் தாண்டிவிடும்.

மறுபடி எறியத் தொடங்குவது

ஓய்வு முடிந்ததும் முதல் நாளே முழு பலத்தோடு எறியக் கூடாது. ஐந்து நிமிடம் மெதுவான ஓட்டம், கைகளைச் சுழற்றுதல், அப்புறம் ரப்பர் பட்டையை வேலியிலோ கதவுப் பிடியிலோ மாட்டித் தோளைச் சுற்றியுள்ள சிறு தசைகளுக்கான பயிற்சி. அதற்குப் பிறகுதான் பந்து. உடம்பைச் சூடாக்குவதற்காகவே பந்து எறிவது என்ற பழக்கம் கூடவே கூடாது.

தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். முதல் வாரம் 45 அடி, 25 எறி, கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடி 25. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி இல்லை என்றால் அடுத்த வாரம் 60 அடி, பிறகு 90, பிறகு 120. காயத்திலிருந்து திரும்புகிறவர்களுக்குக் கொடுக்கும் முறை இது, ஆரோக்கியமான கைக்கும் பொருந்தும். தசை அசதி ஒருநாளில் தீரும். முழங்கையிலோ தோள் மூட்டிலோ குத்தும் வலி வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் விளையாட்டு மருத்துவரிடம் போங்கள். ஐஸ் வைத்து, மாத்திரை போட்டு மேட்ச் ஆடவிடாதீர்கள்.

எதிரில் நின்று பிடிக்கப்போவது நீங்கள்தான் என்றால் உங்களுக்கும் ஒரு கிளவ் வாங்கிக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் வெறுங்கையால் பிடித்தவர்களுக்கு இது தேவையா என்று தோன்றும். பதினைந்து வயதுப் பையன் 90 அடியிலிருந்து எறியும் பந்து விரலை உடைக்கும். வலதுகையால் எறிகிறவர் கிளவை இடதுகையில் போட வேண்டும் என்பதால் கடையில் அதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். எடை கூடிய பந்துகளை எறிந்தால் வேகம் கூடும் என்ற விளம்பரங்கள் உங்கள் பையனின் செல்போனில் நிச்சயம் வந்திருக்கும். வேகம் கூடுவது உண்மைதான். ஆனால் 13 முதல் 18 வயதுப் பிட்சர்களை வைத்து ஆறு வாரம் நடத்தி 2018இல் வெளியான ஒரு ஆய்வில், அப்படிப் பயிற்சி எடுத்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்குக் காயம் ஏற்பட்டது. முதல் கோடையில் அது வேண்டவே வேண்டாம்.

பிட்சராக இருந்தால் ஒரு நோட்டு

மேஜர் லீகும் நாட்டின் பேஸ்பால் அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டுதலைக் கொண்டுவந்தன. 13 முதல் 16 வயதுவரை ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 15, 16 வயதுக்காரர் 30 பந்துவரை வீசினால் மறுநாளே வீசலாம். 31 முதல் 45 என்றால் ஒரு நாள் ஓய்வு, 60வரை இரண்டு நாள், 75வரை மூன்று நாள், அதற்கு மேல் நாலு நாள். வருடத்துக்கு 100 இன்னிங்ஸைத் தாண்டக் கூடாது (பேஸ்பாலில் எதிரணியில் மூன்று பேர் அவுட்டாகும்வரை வீசினால் ஒரு இன்னிங்ஸ்). வருடத்தில் நாலு மாதமாவது போட்டியில் பிட்ச் செய்யக் கூடாது, அதில் இரண்டு, மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கைக்கு முழு ஓய்வு. பிட்ச் செய்த மேட்சிலேயே, பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் ஆடக் கூடாது, அந்த இடத்திலும் எறிதல் அதிகம்.

ஒவ்வொரு டீமும் தன் மேட்சில் வீசிய பந்துகளை மட்டும்தான் எண்ணும். சனிக்கிழமை ஒரு டீமுக்கும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டீமுக்கும் வீசினால் மொத்தத்தைக் கூட்ட ஆள் இல்லை. அந்த வேலை பெற்றோருடையது. ஒரு நோட்டில் தேதி, பந்து எண்ணிக்கை, மறுநாள் கை எப்படி இருந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். கோச் இன்னொரு இன்னிங்ஸ் கேட்கும்போது நோட்டைக் காட்டி மறுக்கலாம், யாருக்கும் மனவருத்தம் வராது. கோடையில் பிட்ச் செய்வதானால் ஜூலையோடு நிறுத்தி, ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை கையை ஆற விடுவது என் பரிந்துரை. ஃபால் பால் ஆடலாம், ஆனால் முதல் பேஸிலோ பேட்டிங்குக்கு மட்டுமோ. கேட்கும்போது பெரிய இழப்பாகத் தெரியும், மார்ச்சில் அதன் பலன் கிடைக்கும்.

பேட்டிங்: டீயை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டீ என்பது பந்தை மேலே வைத்து அடிக்க உதவும் ரப்பர் தண்டு. சின்னக் குழந்தைகளுக்கானது என்று பையன்கள் ஒதுக்கிவிடுவார்கள். சான் டியேகோ பாட்ரெஸ் அணியின் டோனி குவின் எட்டு முறை தேசிய லீகின் பேட்டிங் பட்டம் வென்றவர். அவர் கடைசிவரை டீயில் பயிற்சி செய்தார். 1980களிலேயே தன் ஆட்டத்தை வீடியோ டேப்பில் பதிந்து ஆராய்ந்தவரும் அவர்தான்.

ஒரு டீ, ஏழடி வலை, ஒரு வாளிப் பந்து இருந்தால் கராஜிலோ கொல்லைப்புறத்திலோ கோடை முழுக்க ஓட்டிவிடலாம். தரையில் ஹோம் பிளேட் மாதிரி ஒரு அட்டையை வைத்து, முதலில் அதற்கேற்ப நிற்க வேண்டும். டீயை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் வசதியாக நின்றுகொள்வதுதான் புதியவர்கள் செய்வது. அப்படிப் பழகினால் மேட்சில் பந்து வரும் இடத்துக்கும் பழகிய இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

மூன்று இடங்களில் பழகுங்கள். நடுவில் வரும் பந்துக்கு டீயை முன்காலுக்கு நேராகவோ கொஞ்சம் முன்னாலோ வைத்து, வலையின் நடுவை நோக்கி அடிக்க வேண்டும். உடம்பை ஒட்டி வரும் பந்தை இன்னும் முன்னால் சந்திக்க வேண்டும், டீயும் முன்னே போகும். வெளிப்பக்கம் வரும் பந்தைப் பின்னால் வரவிட்டு எதிர்ப்பக்க மைதானத்துக்குத் தள்ள வேண்டும், டீ பின்னே வரும். பெரும்பாலான புதியவர்கள் தடுமாறுவது இந்த மூன்றாவதில். அவசரப்பட்டு இழுத்து அடிக்கப் பார்த்து, இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் உருட்டிவிடுவார்கள்.

எண்ணிக்கை முக்கியமில்லை. பத்து பந்து, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. இப்படி ஐந்து சுற்று கவனத்தோடு அடித்தால் போதும். களைத்துப் போய் அடிக்கும் இருநூறாவது அடியில் உடம்பு தவறான அசைவையே பதிந்துகொள்கிறது. வாரத்துக்கு ஒருமுறை பக்கவாட்டிலிருந்து செல்போனில் படமெடுத்து, தலை அசைகிறதா, முன்கால் சீக்கிரமே திறந்துகொள்கிறதா என்று பையனையே பார்க்கச் சொல்லுங்கள்.

கிரிக்கெட்டும் ஆடுகிற பிள்ளை என்றால் நேர் பேட்டில் விளையாடும் பழக்கம் கொஞ்ச நாள் குறுக்கிடும். இங்கே முன்காலில் எடையைப் போட்டுப் பந்தை நோக்கிச் சாய்ந்தால் பலம் போய்விடும். பின்காலில் எடையைத் தேக்கி, இடுப்பு முதலில் திரும்பி, கைகள் அப்புறம் வர வேண்டும். புல் ஷாட் நன்றாக ஆடும் பையனுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

ஓடிவரும் பந்தைச் சரியான நேரத்தில் அடிக்க டீயில் பழக முடியாது என்பது உண்மை. 90 மைல் வேகப் பந்து பேட்டரை அடைய அரை விநாடிகூட ஆகாது. பள்ளிப் பந்துவீச்சு அதைவிட மெது என்றாலும் முடிவெடுக்கக் கிடைப்பது கொஞ்சநேரம்தான். அதற்கு யாராவது பாதுகாப்பு வலைக்குப் பின்னாலிருந்து எதிரே மெதுவாகப் போட்டுக்கொடுக்க வேண்டும். பேட்டிங் கேஜ் இயந்திரம் மாதத்தில் சில தடவை போதும். இயந்திரத்துக்குக் கை இல்லை, பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபடும் கணத்தைப் படிக்க அது கற்றுத்தராது.

பேட் வாங்கும்போது, பந்து அளவுக்கு மீறித் துள்ளாமல் கட்டுப்படுத்தும் பிபிகோர் (BBCOR) தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உலோகப் பேட்டுகளுக்கு 2012 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் அது கட்டாயம். கூடவே விலை குறைந்த மரப் பேட் ஒன்று பயிற்சிக்கு நல்லது. பந்து சரியான இடத்தில் படாவிட்டால் உள்ளங்கை எரியும், யாரும் திருத்த வேண்டியதில்லை.

சுவரும் டென்னிஸ் பந்தும்

ஃபீல்டிங்குக்கு ஒரு சுவரும் ஒரு டென்னிஸ் பந்தும் போதும். பதினைந்து அடி தள்ளி நின்று எறிந்து, திரும்பி வருவதைக் குனிந்து, பின்பகுதியைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பழகப் பழகச் சுவரை நெருங்கி வர வேண்டும். ஷார்ட்ஸ்டாப்பாக சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருதை 13 முறை வாங்கிய ஆஸி ஸ்மித் சிறுவனாக வீட்டு வாசல் படிக்கட்டில் பந்தை எறிந்து, கிட்டக் கிட்ட வந்துதான் பழகினார். ஊரில் மொட்டைமாடிச் சுவரிலும் இதைச் செய்யலாம், ஓய்வு வாரங்களில் கீழ்க்கையால் மெதுவாகப் போட்டால் தோளுக்குச் சுமையும் இல்லை. உயரப் பந்துக்கு மட்டும் மைதானமும் துணை ஆளும் வேண்டும். தலைக்கு மேல் போகும் பந்துக்கு முதல் அடி பின்னால் எடுத்து, திரும்பி ஓடப் பழக வேண்டும்.

ஓட்டம், உடம்பு, வெயில்

பேஸ்பாலில் ஓடுவது எல்லாம் குறுகிய, வேகமான ஓட்டம். வாரம் இரண்டு நாள், முப்பது கஜம், ஆறு முதல் எட்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு சீராகும்வரை ஓய்வு. இரண்டு, மூன்று நாள் உடல் பலத்துக்கு: ஸ்குவாட், லஞ்ச், புஷ்அப், புல்அப், பிளாங்க். எடை தூக்குவதானால் கற்றுத்தர ஆள் இருக்க வேண்டும். சாப்பாட்டில் நம் வீட்டுப் பருப்பு, முட்டை, மீன், தயிர் போதும். தூக்கம் மட்டும் பேரம் பேசக் கூடாதது, இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும்.

டெக்சாஸ், அரிசோனா பக்கம் இருப்பவர்கள் காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஏழுக்குப் பின்போ வெளிப் பயிற்சி வையுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினாலு நாள் ஆகும். தலைவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிழலுக்குக் கூட்டிப்போய்க் குளிர்ந்த நீரால் உடம்பை நனைக்க வேண்டும். பேச்சு குழம்பினாலோ குழறினாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மேட்ச் பார்ப்பதும் பயிற்சிதான்

பேஸ்பாலைச் சிறுவயதிலிருந்து பார்க்காத பிள்ளைக்கு உள்ள பெரிய இடைவெளி இதுதான். கூட ஆடும் பையன்களுக்கு ஐந்து வயதிலேயே பதிந்துவிட்ட விஷயங்கள் இவனுக்குத் தெரியாது. எந்த இடத்தில் ஓட்டக்காரரைத் தொட வேண்டும், எங்கே பேஸை மிதித்தாலே அவுட், கேட்ச் பிடித்த பிறகு எப்போது கிளம்பலாம், பந்து தன் பக்கம் வராதபோது எந்தப் பேஸுக்குப் பின்னால் போய்த் துணை நிற்க வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துத்தான் கற்க முடியும்.

மைனர் லீக் மைதானங்களில் டிக்கெட் விலை குறைவு. டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ், நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டரில் சோமர்செட் பேட்ரியட்ஸ் என்று தமிழர்கள் நிறைய இருக்கும் இடங்களுக்குப் பக்கத்திலேயே, மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ அணிகள் இருக்கின்றன. பந்தை விட்டுவிட்டு, பையன் ஆடும் இடத்தில் நிற்பவரை மட்டும் மூன்று இன்னிங்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவர் எத்தனை அடி நகர்கிறார், எங்கே சைகை காட்டுகிறார், பந்து வேறு பக்கம் போனதும் எங்கே ஓடுகிறார் என்று அவனே சொல்லத் தொடங்குவான்.

ஆகஸ்ட் கடைசி வாரம்

ஜூனில் எடுத்த நாலு அளவையும் மறுபடி எடுங்கள். கோச் சொன்ன குறை குறைந்திருக்கிறதா என்று பையன் ஒரு வரி எழுதட்டும். பள்ளி திறந்ததும் அந்தத் தாளோடு கோச்சைப் பார்த்து, இலையுதிர்காலத்தில் உடற்பயிற்சி வகுப்போ விருப்பப் பயிற்சியோ நடக்கிறதா என்று கேட்கட்டும். பல பள்ளிகளில் நடக்கும், ஆனால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். கூடவே விளையாட்டுக்கான உடல் பரிசோதனைப் படிவத்தையும் பாருங்கள். பொதுவாக அதில் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் ட்ரைஅவுட்டில் இறங்க முடியாது. எவ்வளவு நாள் செல்லுபடியாகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், பிப்ரவரி ட்ரைஅவுட்டுக்கும் செல்லும்படியான தேதியில் இப்போதே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.